உன் முன்சக்கரத்துக் காற்று

என் மாப்பிள்ளை சிங்காரவேலுக்கு,

கஜா புயல் வந்து நம் ஓடுகளைப் பிடுங்கிக்கொண்டு போனதற்கு மறுவருஷம். கொரோனா என்ற பேர் நம் காதில் விழாத கடைசி வருஷம். டெல்லி ஓட்டுக்காகக் காரைக்கால்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு விரலில் மை வைத்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் பிறந்து மூன்றே நாள் ஆகியிருந்தது, விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. சாராயக்கடை, பிராந்திக்கடை அத்தனையும் இரண்டு நாளாகப் பூட்டு. இதையெல்லாம் உனக்காகச் சொல்லவில்லை. நீ விழுந்த நாள் உனக்கு மறக்குமா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடை பூட்டியிருந்தது என்பதை அவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அன்றைக்கே கரைக்கு ஓடிப்போனவன் நான். இதை எழுதுகிறவள் உன் மகள், என் தங்கை பெற்ற சுமதி. கோவில்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாதே, அச்சில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். மீன் ஏலக்கொட்டகைச் சுவரில் ஒட்டப்போகிற காகிதம் இது. அப்பாவுக்கு நினைவஞ்சலி எழுத வேண்டும் என்று மட்டும்தான் அவளிடம் சொன்னேன். “நாலு வரி போதும் மாமா, போட்டோ வச்சு அடிச்சுடலாம்” என்றாள். நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

உன்மேல் எனக்குக் கோபம், மாப்பிள்ளை. செத்தவர்கள்மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு சம்பந்தம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏழு வருஷமாக ஒரு நாள் பாக்கியில்லாமல் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீதான் பதில் சொல்வதில்லை. உயிரோடு இருந்த கடைசி இருபது நாளும் நீ அப்படித்தான் இருந்தாய்.

ஊர்ச் சேதி ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயும் வயிறெரி. ஏலக்கொட்டகையிலிருந்து தார் ரோடு வரைக்கும் கிடந்த மணல் இப்போது இல்லை. சிமெண்டுப் பாதை போட்டுவிட்டார்கள். மீன் எடுக்கிறவர்கள் வண்டியைக் கொட்டகை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நீ போய் ஒரு வருஷத்தில் போட்ட பாதை. ஒரு வருஷம் முன்னால் போட்டிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

மணல் இருந்த காலத்தில் நமக்கு ஒரு பழக்கம் இருந்தது. மணலில் சைக்கிள் புதையும். அதனால் கொட்டகையை விட்டுக் கிளம்பும்போதே சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம். டயர் பரந்து, ஒட்டகத்தின் கால் மாதிரி மணலை மிதித்துக்கொண்டு வந்துவிடும். தார் ரோடு ஏறியதும் என் வீட்டு வாசல். அங்கே நின்று, என் பம்பை எடுத்து, மறுபடி காற்றடித்துக்கொண்டு அவனவன் அவனவன் ஊருக்குப் போவான். யாராவது அடிக்க மறந்தாலும் ஒன்றும் ஆகாது. நம் டயர் அப்படிக் கட்டையானது. அந்தப் பழக்கத்தைத்தான் நீ உன் பிரெஞ்சுச் சைக்கிளின் ஒல்லிச் சக்கரத்திலும் செய்தாய்.

ஏன் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுகிறாய் என்று கேட்பாய். போன வாரம் ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். பேங்கு அதிகாரியாம், நாற்பது வயசு இருக்கும். தலையில் தொப்பி, உடம்பைப் பிடிக்கிற உடுப்பு, கருப்புக் கண்ணாடி. லீவு நாளில் கடற்கரை ரோட்டில் இப்படி ஏழெட்டுப் பேர் போகிறார்கள். உன் சைக்கிளின் தம்பி மாதிரி ஒரு சைக்கிள். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டும்போது என் கண் முன்சக்கரத்துக்குப் போய்விட்டது.

“சார், காத்து இல்லியே.”

“வேணும்னுதாங்க கம்மியா வச்சிருக்கேன். ரோட்டு ஆட்டம் கையில தெரியாது. இப்பல்லாம் அப்படித்தான் ஓட்டுறாங்க.”

“அப்படி ஓட்டுறவங்க டயரு அகலமா இருக்கும். ஒங்களுது வெரல் தண்டி இருக்கு. பக்கத்தப் பாருங்க, நூலு தெரியுது.”

அவர் குனிந்து பார்த்தார். நடுவில் புதுசு மாதிரிதானே இருக்கிறது என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை. நடுவை எவன் கேட்டான், பக்கம் செத்துப்போச்சு, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இல்லையா, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒரு அதிகாரியைப் பார்த்து ஒருமையில் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். உள்ளே போய், ஆணியில் தொங்கிய பித்தளைத் துண்டை எடுத்து வந்து அந்தச் சக்கரத்தின் வால்வில் வைத்துத் திருகினேன். பொருந்தியது. ரிம் தரையில் இடிக்காத அளவுக்கு மட்டும் காற்றை அடித்துவிட்டு, ஏறக்கூடாது, தள்ளிக்கொண்டு போய் ஆட்டோ பிடியுங்கள் என்றேன். அவர் பயந்துபோய்த்தான் சரி என்றார். போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“இது ஒங்ககிட்ட எப்படிங்க ஐயா?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அந்தச் சைக்கிள் வந்த கதை இப்போது மேட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. டவுனில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் வீடு. அவர் போன பிறகு அந்த அம்மா தனியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் நீதான் இறால் கொண்டு போய்க் கொடுப்பாய். பேரன் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவன், கொண்டுவந்த ரேஸ் சைக்கிளை விட்டுவிட்டுப் போய்விட்டான். கூடையைத் தூக்கிக்கொண்டு நீ பஸ்சில் வந்து இறங்குவதைப் பார்த்து, இதை எடுத்துக்கொண்டு போ என்று அந்த அம்மா கொடுத்துவிட்டது.

ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கைப்பிடி. மண்காப்பு இல்லை, மணி இல்லை. மீன்கூடை வைக்க கேரியர் இல்லை என்று வெல்டிங் கடையில் கொடுத்து ஒரு இரும்புக் கேரியரைச் சேர்த்துக்கொண்டாய். பட்டுப்புடவைக்குச் சாக்கில் கரை வைத்த மாதிரி இருந்தது. முதல் நாள், நெரவிக்கு மீன் விற்கக் கிளம்பிய உன்னைப் பார்த்து ஏலம் கூவுகிறவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். “என்ன சிங்காரம், நெரவிக்கா, பாரீசுக்கா?” நீ அசரவில்லை. “நெரவி வழியா பாரீசு. மீன் வேணும்னா சொல்லு, அங்கேருந்து அனுப்புறேன்.” கொட்டகையே சிரித்தது. எனக்கு உன்மேல் அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் சொன்னேனா? இல்லை.

நீ பஸ்சில் அலைந்ததற்குக் காரணம் எனக்கும் என் தங்கை பூங்காவனத்துக்கும் தெரியும். மொபெட்டிலிருந்து மூன்று தடவை விழுந்தாய். மூன்று தடவையும் போதை. மூன்றாவது தடவை அவள் மொபெட்டை விற்றுவிட்டாள். சுமதி கல்யாணம் முடிந்த மறுநாள், மாலை வாடாத பந்தலில், மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாய். இனித் தொட்டால் இந்தத் தலைக்கு ஆகாது என்றாய். அப்படி ஒரு சத்தியம் தேவையா, பிள்ளை தலையில் எதற்குக் கை வைக்கிறாய் என்று நான் தடுத்தேன். நீ கேட்கவில்லை. ஆனால் காப்பாற்றினாய். நாலு வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. காரைக்காலில், திரும்பின பக்கமெல்லாம் கடை இருக்கிற ஊரில்.

இப்போது டயருக்கு வருகிறேன். டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் முதல் நாளே உன்னிடம் சொன்னார், நானும் கூட நின்றேன். “சிங்காரம், இது நம்ம ஊரு டயரு இல்ல. கல்லு மாதிரி காத்து வேணும். கொறஞ்சா பக்கம் மடியும். மடிஞ்சு மடிஞ்சு ரப்பர் விட்டுப்போயி நூலு வெளிய வரும், ஒரு நாளு வெடிச்சுரும். மணல்ல எறக்குனா, மேல ஏறுன ஒடனே அடிச்சுரு.” அந்த வால்வு குச்சி மாதிரி ஒல்லி, நம் பம்பு அதைப் பிடிக்காது. நடுவில் ஒரு பித்தளைத் துண்டைத் திருகினால்தான் பிடிக்கும். பட்டாணி அளவு. சைக்கிளோடு வந்தது அது ஒன்றுதான். காரைக்காலில் இன்னொன்று கிடைக்காது என்றார் பாய்.

நீ தொலைத்துவிடுவாய் என்று நான்தான் அதை வாங்கி, தூண்டில் நரம்பில் கோத்து, பம்பு தொங்குகிற ஆணியிலேயே மாட்டினேன். தினம் விடிந்ததும் நீ மணலைக் கடந்து வந்து, “மச்சான், காத்து” என்பாய். நான் பம்பையும் பித்தளையையும் எடுத்துக்கொண்டு வருவேன். எனக்கு முட்டி போய்விட்டது, ஊர் ஊராக மீன் கொண்டு போகிற பிழைப்பு முடிந்துவிட்டது. நெரவிப் பக்கம் என் வாடிக்கையை எல்லாம் உனக்குத்தான் விட்டிருந்தேன். நீ அடிப்பாய், நான் டயரை அமுக்கிப் பார்த்து இன்னும் இன்னும் என்பேன். எவள் கடன் சொன்னாள், எவன் வீட்டில் விருந்து என்று நெரவிச் சேதி அத்தனையும் பம்பின் அந்த நாற்பது அடிக்குள் எனக்கு வந்துவிடும். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிந்திருக்குமா?

பங்குனி உத்திரம் முடிந்த வாரம். அன்றைக்கு நீ அவசரத்தில் காற்றை அளவுக்கு மேல் இறக்கிவிட்டாய். கொட்டகையை விட்டுப் பத்தடி வருவதற்குள் முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. நீ ஆடி ஆடி வந்து, மீன்காரி ஒருத்தியின் கூடைமேல் சாய்ந்தாய். நெத்திலி எல்லாம் மணலில். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவர்களை விடு. நான் என்ன செய்தேன்? நொண்டிக்கொண்டு வந்து உன் சைக்கிளை மறித்தேன்.

“நில்லு மாப்ள. வாய ஊது.”

நீ என்னையே பார்த்தாய். “மச்சான், நீங்களுமா? காத்து எறங்கிப்போச்சு மச்சான்.”

“காத்து எறங்குச்சா, சரக்கு ஏறுச்சா?”

இதைச் சொன்னது ஏலம் கூவுகிறவன் இல்லை. ஊரார் இல்லை. நான். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. நீ சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, என் முகத்துக்குக் கிட்டே வந்து, வாயைத் திறந்து ஊதினாய். வெற்றிலை வாடை. அதன் கீழே டீ வாடை. வேறு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் குடிக்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சிரிக்கிறவர்கள் முன்னால் நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நான் போன பிறகு ஏலம் கூவுகிறவன் அந்த வசனத்தை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் தினமும் உன்னைப் பார்த்ததும் அதையே கூவினான்.

மறுநாள் நீ என் வாசலில் நிற்கவில்லை.

இருபது நாள், மாப்பிள்ளை. இருபது நாளும் நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ மணலை விட்டு ஏறுவாய். நேராகப் பார்த்துக்கொண்டு போவாய். சக்கரம் தரையில் படுகிற இடத்தில் சப்பையாக அமுங்கி அமுங்கிப் போகும். டவுனில் பாய் துணியைச் சுற்றி, பம்பு வாயை அழுத்திப் பிடித்து ஏதோ அடித்துக் கொடுத்தாராம். பாதிக்கு மேல் நிற்கவில்லையாம். அந்தப் பாதியையும் மறுநாள் மணலில் இறக்கிவிடுவாய். புயலுக்குப் பிறகு ரோடெல்லாம் பள்ளம், காற்று குறைவாக இருந்தால் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, இடுப்பு வலியே இல்லை என்று டீக்கடையில் நீ பேசியதாக ஒருவன் வந்து சொன்னான். என் பம்பு உனக்கு வேண்டாம் என்பதைத்தான் அப்படி எனக்குச் சொல்லி அனுப்புகிறாய் என்று கொதித்தேன். வரட்டும், வந்து கேட்கட்டும் என்று பித்தளையை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சுனாமியில் என் வீட்டுக்காரி போனபோது மூன்று நாள் சவுக்குத்தோப்பெல்லாம் தேடி அவளை எடுத்து வந்து என் முன்னால் கிடத்தியவன் நீ. அப்படிப்பட்டவனிடம் எனக்கு ரோஷம்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடை வாசலில் உன் சைக்கிள் சாய்ந்து நின்றது. நான் அந்தப் பக்கமாக வந்தேன். முன்டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குக் கொஞ்சம் மேலே, வெயிலில் வெடித்த உதடு மாதிரி ரப்பர் பிளந்திருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை நூல். நடுவில் பார்த்தால் கருகருவென்று ஒரு கீறல் இல்லை. கட்டைவிரலால் அமுக்கினேன், உள்ளே போனது. நீ உள்ளே முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாய். பித்தளை என் பையில் இருந்தது. நூலு தெரியுது மாப்ள. இந்த மூன்று வார்த்தை போதும். நின்றேன். நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். மறுபடி திரும்பிக்கொண்டாய். நான் போய்விட்டேன்.

இந்த இடத்தில் சுமதியின் பேனா நின்றுவிட்டது. அவள் காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா குடிக்கலியா மாமா?”

“இல்லம்மா.”

“அன்னிக்கும்?”

“அன்னிக்கும் இல்ல.”

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. கைகழுவுகிற சத்தம் இல்லை, வெறுமனே கொட்டுகிற சத்தம். திரும்பி வந்து முகத்தைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து, “சொல்லுங்க. நிறுத்தாதீங்க” என்றாள். அந்தக் குரல் உன் குரல். இவளும் ஊரில் எல்லோரும் கேட்க வேண்டியதுதான் இனிமேல் வருவது. நீ கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் கேள்.

ஓட்டு அன்றைக்குச் சின்ன பைபர் படகுகளின் மீன் மட்டும்தான் ஏலத்துக்கு வந்தது. நாலைந்து கூடைக்கு மேல் இல்லை. மீன் குறைந்த நாளில் முதலில் போகிறவனுக்குத்தான் நெரவியில் வியாபாரம். நீ கூடையைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு, கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓட்டுப் போட்டு, மையோடு சைக்கிளில் ஏறினாய். என் வாசலைத் தாண்டும்போது உன் வேகத்தைப் பார்த்தேன். அடியில் டயர் நசுங்குவதையும் பார்த்தேன்.

நெரவி வாய்க்கால் மதகுக்குக் கிட்டே உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த காத்தாயி பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்டுத் திரும்பினாளாம். நீ கைப்பிடிச் சுவரில் போய் விழுந்துகொண்டிருந்தாயாம். ஓடி வந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டவள் அவள்தான். உன் பதினாறாம் நாளுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “வாயில நாந்தான் தண்ணி ஊத்துனேன் அண்ணே. வாடையே இல்ல. ஊர்ல என்னமோ பேசுறாங்களே. பம்பு மச்சான் வூட்ல இருக்கு, பம்பு மச்சான் வூட்ல இருக்குன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. அப்புறம் பேச்சு வரல.”

ஏன் மாப்பிள்ளை? வாய் திறந்து என்னிடம் கேட்க முடியாததை யாரோ ஒரு பொம்பளை மடியில் படுத்துக்கொண்டு எதற்குச் சொன்னாய்? மீன் விலைக்கு நெரவியையே புரட்டுகிற வாய் உனக்கு. என் வாசலில் நின்று, “மச்சான், நீ நாயி, பம்பக் கொடு” என்று திட்டியிருந்தால் கொடுத்திருப்பேனே. திட்டு என்றுதானே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். உன்னைத் தூக்கி வந்தவர்களோடு ஏலம் கூவுகிறவனும் வந்திருந்தான். குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று அவன்தான் சொன்னான். கடை பூட்டியிருக்கிறதே என்று ஒருவன் கேட்டதற்கு, பதுக்கி வைத்திருப்பான் என்றான். நான் அவன் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி டயரைப் பற்றி வரும். அதற்கடுத்த கேள்வி பித்தளையைப் பற்றி வரும். ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போய்விட்டாய். உன்னைக் குளிப்பாட்டும்போது விரலில் மை அப்படியே இருந்தது, தேய்த்தும் போகவில்லை.

மூன்றாம் நாள் பாய் துக்கம் கேட்க வந்தார். சைக்கிளைப் பார்த்தார். டயரின் பக்கத்தில் விரலை விட்டார், அந்தப் பக்கம் வந்தது. “அண்ணே, இது காத்து இல்லாம ஓடி ஓடி மடிஞ்ச டயரு. பித்தளை எங்க?” தொலைந்துபோய்விட்டது பாய் என்றேன். அப்போது அது என் பையில்தான் இருந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பித்தளையைப் பழையபடி ஆணியில் மாட்டினேன். அந்த டயரை அறுத்தெடுத்துப் பரணில் போட்டேன். இன்றைக்கும் இருக்கிறது.

பூங்காவனம் உன் படத்தை மாட்டவில்லை. சத்தியத்தை மீறின மனுஷனுக்கு என்ன விளக்கு என்றாள். அந்த வருஷமே சுமதிக்கு ஆறாம் மாசத்தில் வயிற்றில் இருந்தது போயிற்று. அதற்கப்புறம் தங்கவும் இல்லை. “தலையில அடிச்ச சத்தியம் தலையில வந்து வுழுந்துருச்சு” என்று என் தங்கை சுவரைப் பார்த்துச் சொன்னாள். இந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். இப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் இந்த வரியை எழுதுகிறாள். நீ போன நாள் வருஷாவருஷம் வரும்போது நான் அங்கேதான் இருப்பேன். தங்கை போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவள் உன்னைத் திட்டுவதையும் கேட்டுவிட்டு வருவேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயம். எனக்கு ஒரு தங்கை வேண்டும் என்பதற்காக அவள் புருஷனை ஏழு வருஷம் குடிகாரனாக விட்டுவைத்தேன். அவள் மகளின் வயிற்றில் அந்தப் பழியையும் கட்டினேன்.

உன்மேல் கோபம் என்று ஆரம்பித்தேன். அது குறையவில்லை. ஆனால் அது இவ்வளவு நாளும் எதற்கு மேல் உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிட்டேன்.

சுமதி பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“அந்தப் பித்தளைய எடுங்க மாமா.”

எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

“அம்மாகிட்ட யாரு சொல்றது?”

“நாந்தான்.”

“நான் கூட வரமாட்டேன். நீங்க தனியாப் போயி, நின்னு சொல்லுங்க. மன்னிச்சேன்னு எல்லாம் என்னால எழுத முடியாது.”

“எழுதச் சொல்லலம்மா.”

பித்தளையை அவள் திருப்பித் தரவில்லை. கையை மூடிக்கொண்டு, மூடின கையாலேயே காகிதத்தை அமுக்கிக்கொண்டு மீதியை எழுதுகிறாள்.

அதனால் மாப்பிள்ளை, நான் உனக்குச் சொல்வது இது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பரணிலிருந்து டயரை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். வழியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் என்ன டயர் என்று சொல்லிக்கொண்டே போவேன். பூங்காவனம் விளக்குமாற்றை எடுத்தால் வாங்கிக்கொள்வேன். விடிகிற வரைக்கும் அந்த வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன்; அவள் உன் படத்தை மாட்டுகிற வரைக்கும் தினம் ராத்திரி அங்கேதான் உட்காருவேன். நாளை விடிந்து ஏலம் கூடும்போது, எந்த இடத்தில் உன்னை வாயை ஊதச் சொன்னேனோ அந்த இடத்துச் சுவரில் இந்தக் காகிதம் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்கள் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று அதன் கீழேயே உட்கார்ந்திருப்பேன். என் பம்பு இனி உள்ளே தொங்காது. வாசலில் இருக்கும். யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கிழவன் கதை கட்டுகிறான் என்று யாராவது சொல்வார்கள். சாட்சி கேட்பார்கள். யாரைக் காட்டுவேன்? ஏலம் கூவுகிறவன் கொரோனாவில் போய்விட்டான். அதற்கு மறுவருஷம் பாய் போனார். காத்தாயி போன கார்த்திகையில் போனாள். உன் டயரின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தவர்களிலும், உன் வாயில் ஒரு வாடையும் இல்லை என்று தெரிந்தவர்களிலும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் ஒரே ஒருவன். கீழே இருக்கிற கைநாட்டு அவனுடையதுதான்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
காரைக்கால்மேடு அஞ்சப்பன்